சிநேகிதிக்கு விசா கிடையாது

பெரம்பலூர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்த என் அக்கா ரிட்டயர் ஆனது, சுதந்திரம் வந்த மறு வருஷம். சக ஆசிரியைகள் மாலை போட்டு, ஒரு கறுப்புக் குடை வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குரும்பலூரில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நானும் அன்றைக்கு அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். சோற்றில் கை வைக்கும் முன் அக்கா சொன்னாள்.

"நான் யாழ்ப்பாணம் போறேன்."

"எத்தனை நாளைக்கு?" என்று அண்ணி கேட்டாள்.

"நாள் கணக்கு இல்ல. அங்கயே இருக்கப்போறேன்."

அண்ணன் சிரித்தான். எனக்கு அண்ணன், அக்காவுக்குத் தம்பி. (அண்ணனை 'ன்' போட்டுத்தான் எழுதுகிறேன். தெரிந்தேதான்.)

"வூட்ல இடமில்லாத மாதிரில பேசுற," என்றான்.

இடம் இருந்தது. கம்பு மூட்டையும் பருத்திக்கொட்டை மூட்டையும் அடுக்கியிருந்த அறையில், மூட்டைகளுக்கு நடுவே ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம். அந்த வீட்டுச் சுவரில் பாதி அக்கா சம்பளத்தில் எழும்பியது. அவளுக்குக் கிடைத்தது மூட்டை அறை. எலி வருகிறது என்று அவள் சொன்னால், "பூனை வளக்கலாம்" என்பாள் அண்ணி. பூனையையும் வளர்க்கவில்லை.

அக்காவுக்குப் பதினோரு வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள். மாப்பிள்ளைப் பையன் அடுத்த மழைக்காலத்துக் காலராவில் போய்விட்டான். அக்கா அவன் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. எங்கள் அப்பா பெரிய படிப்பாளி இல்லை, பருத்தி விவசாயிதான். ஆனால் ஒன்று யோசித்தார்: "இவள அடுப்படியில உக்கார வச்சா, நான் செத்த பொறவு எல்லாருக்கும் வேலைக்காரி ஆயிடுவா." திருச்சியில் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஊர் என்னென்னவோ பேசியது. அப்பா காதில் வாங்கவில்லை. அக்கா படித்து, ஆசிரியைப் பயிற்சியும் முடித்தாள்.

அந்தப் பயிற்சிப் பள்ளியில்தான் யாழ்ப்பாணத்து டீச்சர் அவளுக்குச் சிநேகிதி ஆனார். டீச்சருடைய அப்பா திருச்சியில் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்தவர். இரண்டு பேருக்கும் பெரம்பலூரிலேயே வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரே அடுப்பில் சமைத்து, இருபது வருஷத்துக்குக் கிட்ட ஒன்றாக இருந்தார்கள். நான் கல்யாணத்துக்கு முன் விடுமுறைக்கெல்லாம் அங்கேதான் போவேன். அந்த வீட்டில் ஆண் குரலே கேட்காது. ஆனால் அவ்வளவு சத்தமான வீட்டை நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் கணக்குப் போடுவதற்கும் சண்டை, கத்தரிக்காய் நறுக்குவதற்கும் சண்டை. அக்கா சிரித்து நான் பார்த்ததெல்லாம் அங்கேதான்.

பிறகு டீச்சருடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி டீச்சர் ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. போகும்போது அக்காவிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"வேலை முடிஞ்ச உடன நீர் வந்திடும். வீடு என்ர பேரிலதான் கிடக்கு. ஆருக்கும் பயப்படத் தேவையில்லை."

அவர்கள் ஊரில் வீட்டைப் பெண் பிள்ளைக்குத்தான் எழுதி வைப்பார்களாம். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளாவிட்டாலும் அவர் அப்பா அவர் பேருக்கே எழுதிவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு நகை போடுவார்கள். அதையும் கழற்றி வாங்கி விதை வாங்குவார்கள்.

டீச்சர் போனதும், "இனிமே வாடகை எதுக்கு, நம்ம வூட்டுக்கு வந்துடு" என்று அண்ணன் அக்காவைக் குரும்பலூருக்குக் கூட்டிப்போனான். மூட்டை அறைக்கு அவள் வந்த கதை அதுதான்.

ரிட்டயர் ஆன மாதமே அவள் கிளம்பியிருக்கலாம். அப்போது ஒரு தடையும் கிடையாது. கூலி வேலைக்கு ஆள் போவதைத்தான் சர்க்கார் நிறுத்தி வைத்திருந்தது. மற்றவர்கள் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மண்டபத்தில் உடம்பைச் சோதிப்பார்கள், ஊசி போடுவார்கள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் அந்தக் கரை, தலைமன்னார். எங்கள் ஆட்களுக்குச் சிலோன் என்பது கும்பகோணத்தைவிடக் கொஞ்சம் தூரமான ஊர், அவ்வளவுதான்.

ஆனால் அண்ணன் விட்டால்தானே.

"பெரிய பொண்ணு கல்யாணம் முடியட்டும்க்கா. நீ இல்லாம யாரு நின்னு செய்வா?"

கல்யாணம் முடிந்தது. அக்காதான் நின்று செய்தாள். பிறகு பருத்தி எடுக்கிற காலம். ஆட்களுக்கு ஆக்கிப்போட அண்ணிக்கு ஒத்தாசை வேண்டும் என்றான். பிறகு கிணறு தூர் எடுக்க வேண்டும் என்றான். அதற்கு அக்கா கையிலிருந்ததைக் கொடுத்தாள். பிறகு சின்னப் பையனுக்குக் கணக்கு வரவில்லை, பரீட்சை வரைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போ என்றான். ஒவ்வொன்றுக்கும் அக்கா, "சரி, இது முடியட்டும்" என்றாள். நான் ஒவ்வொரு தடவையும் அரியலூரிலிருந்து போய்க் கத்தினேன்.

"இப்பவே கெளம்பு. துணியை மடி. நான் ரயில் ஏத்தி விடுறேன்."

"போடி, எங்க ஓடிடப்போவுது யாழ்ப்பாணம்," என்றாள்.

யாழ்ப்பாணம் ஓடவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அரியலூர் ஸ்டேஷனில் கூட்ஸ் ஆபீசில் இருந்தார். தினமும் சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து பேப்பர் கொண்டுவருவார். ஒரு நாள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"உங்க அக்காகிட்ட சொல்லிடு. இனிமே சிலோன் போகணும்னா பாஸ்போர்ட் வேணுமாம். அங்க தங்கணும்னா விசா வேணுமாம். சட்டம் வந்துடுச்சு."

நான் முறத்தில் வைத்திருந்த அரிசியை அப்படியே கீழே வைத்துவிட்டு அழுதேன். துக்கத்தில் இல்லை. ஆத்திரத்தில். ஒரு கிணற்றுத் தூருக்கும் ஒரு பையனுடைய கணக்குக்கும் அவள் வாசலில் காத்துக்கிடந்த நேரத்தில், எவனோ வந்து வாசலையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டான்.

அக்கா அசரவில்லை. சட்டம் என்றால் அதற்கு ஒரு வழி இருக்கும் என்று நம்புகிற பேர்வழி அவள். முப்பது வருஷம் சர்க்கார் சுற்றறிக்கைகளைப் படித்தவள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டாள். போலீஸ் விசாரணைக்கு ஆள் வரும் என்றார்கள். வந்தார்கள். நான் அங்கே இல்லை. அக்கா என்னிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு ஏட்டு வந்திருக்கிறார். முதலில் அண்ணனிடம் வயலிலேயே பேசிவிட்டு, பிறகு வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்திருக்கிறார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்.

"அம்மா, இன்னிக்கு என்ன கெழமைங்க?"

"செவ்வாக்கெழமை. ஏன், ஒங்களுக்குத் தெரியலையா?"

"இல்லைங்க... இந்த ஊரு பேரு?"

"குரும்பலூரு. ஏட்டய்யா, நீங்க வழி தவறி வந்துட்டீங்களா?"

அந்த மனிதர் நெளிந்திருக்கிறார். அக்கா விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிறுத்தி வைத்துக் கேட்பது மாதிரி, "என்ன விஷயம், நேரா சொல்லுங்க" என்றிருக்கிறாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. ஒங்க தம்பி சொன்னாரு, ஒங்களுக்கு ரிட்டயர் ஆனதுலேர்ந்து புத்தி கொஞ்சம் சரியில்லைன்னு. தனியா அனுப்பினா ஆபத்துன்னு. எனக்குப் பாத்தா அப்படித் தெரியலீங்க. நான் பாத்தத எழுதிடுறேன்."

அவர் பார்த்ததை எழுதிவிட்டார். அந்த மட்டும் அவர் நல்ல மனிதர். அவர் போனதும் அக்கா இரண்டு புடவையையும் மூக்குக்கண்ணாடியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பெரம்பலூருக்கு நடந்து, அங்கே பஸ் பிடித்து, இருட்டுவதற்குள் அரியலூருக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசல்படியில் உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி கொடு" என்றாள். குடித்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்குப் புத்தி சரியில்லையாம்டி."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் கிளம்பினேன். என் வீட்டுக்காரர், "நானும் வரேன், நிதானமா பேசலாம்" என்றார். நிதானமாகப் பேச எனக்கு வேண்டியிருக்கவில்லை. கரி அடுப்பில் ஓடுகிற பஸ், ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் நின்றது. அது நின்ற ஒவ்வொரு இடத்திலும் என் கோபம் கூடியது.

அண்ணன் பருத்திக்காட்டில் இருந்தான். பெண்கள் நிரை பிடித்துப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பங்காளிகள் இரண்டு பேர் வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நல்லதாயிற்று என்று நினைத்தேன். எல்லோரும் கேட்கட்டும்.

"அக்காவுக்குப் புத்தி சரியில்லைன்னு போலீஸ்ல சொன்னியா?"

"வா, வூட்டுக்குப் போய் பேசுவோம்."

"இங்கயே சொல்லு. சொன்னியா இல்லையா?"

"அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். கடலத் தாண்டிப் போயி, நாதியில்லாம எவ வூட்லயோ கெடந்து சாவணுமா? நம்ம மானம் என்னாவுறது?"

"சரி. கெணறு தூரெடுக்க அவகிட்ட வாங்கினியே, அன்னிக்கு அவ புத்தி எப்படி இருந்துச்சு? நல்லா இருந்துச்சா? ஒம்மவ கல்யாணத்துல வந்த சனத்தையெல்லாம் நின்னு கவனிச்சாளே, அன்னிக்கு? ஒம்மவனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தாளே, புத்தி கெட்டவகிட்டயா புள்ளைய விட்ட?"

பருத்தி எடுத்த கைகள் நின்றுவிட்டன. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் முகம் கறுத்தது.

"பொட்டச்சி, வாய அடக்கு. பென்ஷன் வர்ற பொம்பள வெளியூருக்குப் போயி எவளுக்கோ ஆக்கிப் போடுவா, நாங்க பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

வந்துவிட்டது. மானம், கடல், சாவு எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. பங்காளிகளில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் நேராக வீட்டுக்குப் போய், அண்ணியை விலகச் சொல்லி, மூட்டை அறையிலிருந்து அக்காவின் டிரங்குப் பெட்டியை இழுத்து வெளியே வைத்தேன். ஒரு வண்டிக்காரரைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு வந்தேன். அண்ணி வாசலில் நின்று, "எங்கள ஊரே காறித் துப்பும்படி பண்ணிட்டியே" என்றாள். "துப்பட்டும்" என்றேன்.

பாஸ்போர்ட் வந்தது. அதற்குப் பிறகுதான் விசாவின் லட்சணம் தெரிந்தது.

அக்காவும் நானும் என் வீட்டுக்காரரும் ரயிலேறி மெட்ராஸ் போனோம். விசா கொடுக்கிற ஆபீசில் ஒரு குமாஸ்தா. மரியாதையானவர்தான், உட்காரச் சொன்னார், மின்விசிறி ஓடுகிற பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அங்கே போய் நெடுநாள் தங்க என்னென்ன வழி இருக்கிறது என்று அக்கா கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அங்கே யாராவது வேலை கொடுத்துக் கூப்பிட்டால் தங்கலாம். "எனக்கு வயசாயிடுச்சு. ரிட்டயர் ஆனவ," என்றாள் அக்கா. அப்படியானால், அங்கே குடியிருக்கிற புருஷனோ பிள்ளையோ இருந்தால், அவர்களை அண்டியவள் என்று போகலாம். "ரெண்டும் இல்ல." சரி, சொந்த வருமானம் இருக்கிறதா? "பென்ஷன் வருது." பென்ஷனை இங்கிருந்து அங்கே தருவித்துக்கொள்ளத் தனி அனுமதி வேண்டும். அது வந்தாலும், உங்களால் அந்த நாட்டுக்குப் பாரம் வராது என்று அங்கே ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். அதுவும் வருஷா வருஷம். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம்.

"ஜாமீன் நிப்பாங்க. வீடு வாசல் உள்ளவங்க," என்று அக்கா டீச்சரைப் பற்றிச் சொன்னாள்.

"நல்லதும்மா. அவங்க ஒங்களுக்கு என்ன வேணும்?"

"என்கூட வேலை பாத்தவங்க."

"அது சரிங்க. என்ன உறவு?"

"சிநேகிதி."

குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டார். "அப்படி ஒண்ணு இதுல இல்லீங்களேம்மா," என்றார். அக்கா தங்கையா, ஒன்றுவிட்ட உறவா, சம்பந்தி வழியா என்று கேட்டுப் பார்த்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட மாட்டாளா என்று அவருக்கே ஆதங்கம். "ஒண்ணுவிட்ட அக்கான்னு சொல்லித் தொலையேன்" என்று நான் இடுப்பில் இடித்தேன். அக்கா மாட்டேன் என்றாள். இல்லாத உறவை எதற்குச் சொல்ல வேண்டும், இருக்கிற உறவு போதாதா என்றாள். போதவில்லை. பதினோரு வயதில் முகம்கூடச் சரியாகப் பார்த்திராத ஒருவனுக்கு அவள் பெண்டாட்டி என்பதை உலகம் ஒரே நிமிஷத்தில் ஒத்துக்கொண்டது. இருபது வருஷத்துக்குக் கிட்ட ஒரே சட்டியில் சாப்பிட்ட மனுஷியை 'ஒன்றும் இல்லை' என்றது.

கடைசியாக ஒரு வழி மிச்சம் இருந்தது. விருந்தாளியாகப் போகலாம். மூன்று மாதம். கேட்டால் இன்னும் மூன்று மாதம் கொடுப்பார்கள். பிறகு திரும்பிவிட வேண்டும்.

திரும்பி வரும் வழியில் திருச்சியில் இறங்கினோம். ஜங்ஷன் பக்கத்தில் சிலோன் போகிறவர்களுக்குக் காகிதமெல்லாம் சரிசெய்து கொடுக்கிற ஏஜெண்ட் ஒருவர் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த டீச்சரம்மா வூட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருக்காங்களா?"

"அம்மா போனதுலேர்ந்து தனியாத்தான் இருக்காங்க. அண்ணன் ஒருத்தர் பக்கத்து ஊர்ல இருக்காரு, பெஞ்சாதி தவறிட்டாங்க," என்றாள் அக்கா.

"அப்புறம் என்னங்க கஷ்டம்? அவரைக் கட்டிக்கிட்டதா ரிஜிஸ்டர் பண்ணிடுவோம். பேப்பர்லதானே? பொஞ்சாதின்னு போட்டா நாளைக்கே வழி தொறக்கும். அங்க போயி நீங்க பாட்டுக்கு ஒங்க சிநேகிதியோட இருங்க."

என் வீட்டுக்காரருக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது. "யோசிச்சுப் பாக்கலாமே" என்று மெல்ல இழுத்தார். நானும் ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதுதான் நிஜம். அக்கா குடையை ஊன்றிக்கொண்டு எழுந்தாள்.

"மொத தடவ என்னக் கேக்காம கட்டி வச்சாங்க. இப்ப நீங்க கேக்குறீங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லிடுறேன். மாட்டேன்."

தெருவில் இறங்கி நடந்தாள். அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது. எனக்குக் கோபம் வரும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விருந்தாளி விசாவிலேயே போனாள். மூன்று மாதமும், நீட்டித்த மூன்று மாதமும் அங்கே இருந்துவிட்டு, சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகத் திரும்பினாள். நேரம் தவறினால் பிள்ளைகளை வெளியே நிற்க வைத்தவள் அல்லவா? தன்னையும் அப்படித்தான் நடத்தினாள். முகம் தெளிந்திருந்தது, இரண்டு சுற்றுப் பருத்திருந்தாள். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி என்னைப் பார்த்ததும், அந்தத் தெளிவெல்லாம் ஒரு நொடியில் வடிந்துபோயிற்று. நான் அவள் தங்கை. என்னைப் பார்த்து அவள் முகம் வாட வேண்டியதாயிற்று. அதற்கு யாரை நான் போய் உதைப்பது?

என் வீட்டில் இருந்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. தெருக்காரர்கள்தான் சும்மா விடவில்லை. "தம்பி ராசா மாதிரி இருக்கையில, தங்கச்சி வூட்ல வந்து..." என்று குழாயடியில் ஒருத்தி ஆரம்பித்தாள். குடத்தை அவள் காலில் போட்டுவிடுவேன் என்றேன். பிறகு என் காதுபட யாரும் பேசவில்லை.

அடுத்த மழை ஓய்ந்ததும் யாழ்ப்பாணத்து டீச்சர் வந்தார். இந்தத் தடவை அவர் விருந்தாளி. முழங்கால் வீங்கி, ஸ்டேஷன் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். என் சமையல்கட்டில் இரண்டு பேரும் மணை போட்டு உட்கார்ந்து, பழையபடி கத்தரிக்காய்க்குச் சண்டை போட்டார்கள். ஒரு நாள் மத்தியானம் டீச்சர் அரிவாள்மணையை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"நான் இனி வரமாட்டன். கால் விடாது. அங்க வீடும் பூட்டிக் கிடக்கு. நீர்தான் வர வேணும்."

"வரேன். ஆறு மாசம்," என்றாள் அக்கா.

"ஆறு மாசம் முடிஞ்சாப் பிறகு?"

"திரும்பணும்."

"திரும்பாட்டி என்ன செய்வினம்? ரெண்டு கிழவியளைப் பிடிக்கப் பொலிசு ஜீப்பில வருமே?"

அக்கா அரிவாள்மணையைத் தன் பக்கம் இழுத்து, மிச்சக் கத்தரிக்காயை நறுக்கினாள். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கத்தரிக்காயை நறுக்கும்போதுதான் அவள் முடிவு செய்தாள் என்று பிறகு புரிந்தது. அப்போது நான், "என்ன டீச்சர் இது, எங்க அக்கா சட்டத்த மீறுவாளா?" என்று சிரித்தேன்.

அக்காவுக்கு மறுபடியும் விருந்தாளி விசா வாங்கி, இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். அரியலூர் ஸ்டேஷனில் ரயில் நிற்கிற நேரம் கொஞ்சம்தான். டீச்சரை ஏற்றி உட்கார வைப்பதிலேயே அது போய்விட்டது. ஜன்னல் வழியாக அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் அப்படிப் பிடிக்கிறவள் இல்லை. "புள்ளைங்கள அடிக்காத. நீ கோவக்காரி," என்றாள். அவ்வளவுதான். ரயில் போய்விட்டது.

மூன்று மாதம் ஆனது. ஆறு மாதமும் ஆனது. சொன்ன தேதிக்கு நான் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். அவள் வரவில்லை. மறுநாளும் போனேன். வரவில்லை. பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போய் வருகிற புகையிலை வியாபாரி ஒருவர் மூலம் வாய்ச்சொல்லாகச் செய்தி வந்தது: "அக்கா வர மாட்டாங்களாம். வருத்தப்பட வேணாம்னாங்க. பேரு போட்டுக் கடுதாசி எழுத வேணாம்னாங்க."

பென்ஷனை விட்டுவிட்டாள். வாங்க வேண்டுமானால் உயிரோடு இருக்கிறேன் என்று வந்து நிற்க வேண்டும். அல்லது எங்கே இருக்கிறாள் என்பதற்கு அத்தாட்சி அனுப்ப வேண்டும். இரண்டும் முடியாது. முப்பது வருஷம் உழைத்ததை, ஒரு வீட்டில் நிம்மதியாக இருப்பதற்காக உதறிப்போட்டாள். அங்கே நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள், டீச்சருடைய தோட்டத்தில் வெங்காயமும் முருங்கையும் போட்டிருக்கிறாள் என்று வியாபாரி சொன்னார். ஒழுங்கை என்று அவர்கள் சொல்கிற அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியுமாம். ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். அந்த ஜனங்களுக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுகிறேன்.

அண்ணன் என் வீடு தேடி வந்தான். பருத்திக்காட்டுச் சண்டைக்குப் பிறகு அவன் வந்தது அதுதான் முதல் தடவை.

"அனுமதியில்லாம அங்க கெடக்குறவன கள்ளத்தோணின்னு சொல்றாங்களே, அது இப்ப நம்ம அக்காதான். தெரியுமா ஒனக்கு? நம்ம குடும்பத்துல ஒரு கள்ளத்தோணி."

"ஆமா. முறையா போறேன்னு வாசல்ல நின்னப்ப யாரு வழிய மறிச்சது? தோணியத் தள்ளிவிட்டது நீதான்."

"இப்ப என்ன, ஒரு நா புடிச்சு ஜெயில்ல போடுவான். அப்ப பாரு."

"ஜெயில்ல கம்பு மூட்டை இருக்காதுல்ல," என்றேன்.

காப்பி கொடுக்காமல் அனுப்பினேன். அவன் சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டதாக அண்ணி சொன்னாள். வருத்தப்பட்டது காப்பிக்காக.

அக்கா மேலும் எனக்குக் கோபம் உண்டு. இல்லையென்று எழுதினால் பொய். என் பெரிய பெண்ணின் கல்யாணம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அக்கா. அவள் வந்திருக்க வேண்டும். வந்தால் தலைமன்னாரிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு ஒருநாளும் உள்ளே விட மாட்டார்கள். என் பெண்ணின் கல்யாணமா, அந்த வீடா என்று ஒரு தராசு வந்து நின்றது. அவள் வீட்டை எடுத்துக்கொண்டாள். மணவறையில் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அட்சதை போடுகிறவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டு, உள்ளுக்குள் நான் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு, நானாவது போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன். பாஸ்போர்ட் எடுத்தேன். விருந்தாளி விசாவுக்குப் போய் உட்கார்ந்தேன். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். என் வாயில் வந்த பதிலை விழுங்கினேன். கூடப்பிறந்தவளைப் பார்க்கப் போகிறேன் என்றால் உடனே விசா கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் கணக்குப்படி அப்படி ஒருத்தி அங்கே இல்லை. சொன்னால், நானே போலீசுக்கு வழி காட்டினவள் ஆவேன். கோயில்கள் பார்க்கப் போகிறேன் என்றேன். எந்தக் கோயில், எங்கே தங்குவீர்கள், யார் ஜாமீன் என்று அடுக்கினார்கள். எனக்குப் பொய் சரளமாக வராது. "வேணாம், விடுங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

புகையிலை வியாபாரி வருஷத்துக்கு ஒரு தரமாவது வருவார். அவர் வந்தால் நான் அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரு தடவை சொன்னார்:

"நல்லாத்தான் இருக்காங்கம்மா. ஒரு கவலையும் இல்ல. என்ன, ரெண்டு பேருக்கும் எந்நேரமும் சண்டை."

"என்ன சண்டை?"

"சொதின்னு ஒண்ணு வைப்பாங்கள்ல, அதுல தேங்காப்பால் எப்ப ஊத்தணும்னு. நான் போயிருந்தப்ப ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு சட்டி வச்சு, எது நல்லாருக்கு சொல்லுங்கன்னு என்னைய மாட்டி வுட்டுட்டாங்க. நான் ரெண்டும் நல்லாருக்குன்னேன். ரெண்டு பேருமா சேந்து என்னத் திட்டினாங்க."

என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன். அந்தச் சட்டிகளில் ஒன்றை ருசி பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான். வழியில் போகிற ஒரு வியாபாரிக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை.